ஹைட்ரோமீட்டரில் ஏறாத தண்ணீர்

ஜனவரி 3, வெள்ளி

டயர்க் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி. இதுவரை எனக்கு வந்த டைரிகளில் எல்லாம் வண்டி நம்பரும் பேட்டரி நம்பரும்தான் எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் மனதில் பட்டதை எழுத வேண்டுமாம். மஸ்கட்டிலிருந்து வந்த உத்தரவு. என் மனைவி தவமணி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் ஆறு வருஷம் ஆகிறது. நர்ஸுகளுக்கு ஏதோ வகுப்பு எடுத்தார்களாம். தினமும் நன்றி சொல்ல ஒரு விஷயத்தைத் தேடிப் பிடித்து எழுதினால் ரத்தக் கொதிப்பு இறங்குமாம்.

"மாத்திரையத்தான் ஒழுங்காப் போட மாட்டீங்க. இதையாச்சும் பண்ணுங்க. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கேப்பேன்" என்றாள்.

மதியச் சாப்பாடு முடிந்து கடையில் ஆள் வராத நேரம். உட்கார்ந்து யோசிக்கிறேன். திருச்செங்கோட்டில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன் எதற்கு நன்றி சொல்வது? காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. மூன்று பேர் வந்து இன்வெர்ட்டர் கேட்டுவிட்டுப் போனார்கள். கரண்ட் போனதற்கு நன்றி. ஊரே திட்டும்போது நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மகள் சிந்துஜா இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. அரையாண்டு லீவு முடிந்து நேற்றே திறந்துவிட்டார்கள். தலைவலி என்கிறாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வராவிட்டால்தான் அதிசயம்.

ஜனவரி 6, திங்கள்

தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இன்று காலையில் நான் சத்தம் போட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு திரிகிறாள். "உள்ள என்ன சாமி மாஸ்க்கு? நானென்ன கொரோனாவா?" என்று கேட்டேன். போனை நீட்டினாள்.

லீவு விடுவதற்கு முந்தின நாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்திருக்கிறார்கள். அதில் இவள் முகத்தை மட்டும் எவனோ பெரிதாக்கி, வகுப்புக் குரூப்பில் போட்டிருக்கிறான். கீழே, 'இந்த ஏரியாவுல எத்தன போர் போட்டிருக்காங்க? ஒண்ணுல கூடவா தண்ணி வரல?' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் ஊர். காஷ்மீர் வரைக்கும் போய் ஓட்டை போட்டுவிட்டு வருகிற வண்டிகள். என் கடையே அவற்றை நம்பித்தான் நடக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு கேலி வரும். இரண்டு வருஷமாக அவள் கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பரு. ஒன்று ஆறினால் இரண்டு முளைக்கும். ஆறிய இடத்தில் குழி விழும்.

"கெளம்பு. ஸ்கூலுக்குப் போயி எவன்னு பாத்துடலாம்" என்றேன்.

"நீங்க வந்தீங்கன்னா நான் சென்மத்துக்கும் அங்க போக மாட்டேனுங்கப்பா."

வண்டிச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினேன். முகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும். பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தாடிதான். சவரம் செய்யச் சோம்பல், வேறொன்றுமில்லை.

நன்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை. போனைக் காட்டினாளே, அதற்கு.

ஜனவரி 8, புதன்

வகுப்பு டீச்சர் போன் செய்தார். பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி பிராக்டிகல். வெளிப்பள்ளியிலிருந்து ஆள் வந்து நடத்துவார்கள். அன்றைக்கு வராவிட்டால் ஆப்சென்ட்தான், வருஷமே போய்விடும் என்றார். காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன்.

தவமணியிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். நர்ஸிடம் காய்ச்சல் பொய் சொல்வது லேசில்லை. எத்தனை டிகிரி, எத்தனை நாள், வாந்தி உண்டா என்று குடைந்துவிட்டாள்.

சிந்துஜாவிடம் பிராக்டிகல் தேதியைச் சொன்னேன். "போகலன்னா என்னாகும்?" என்று கேட்டாள். வருஷம் போயிடும் என்றேன். "போகட்டும்" என்றாள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று அவளாக வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். விட்ச் ஹேசல் தண்ணீர் வேண்டுமாம்.

என்ன தண்ணீர் என்று மூன்று தடவை கேட்டேன். அமெரிக்காவில் குளிர்ப் பிரதேசத்தில் வளர்கிற ஒரு செடியாம். பட்டையையும் குச்சியையும் காய்ச்சி ஆவி பிடித்து இறக்குவார்களாம். முகத்தில் வழிகிற எண்ணெயை அடக்கும், சிவப்பைக் குறைக்கும் என்று நிறைய வீடியோ பார்த்திருக்கிறாள். ஈரோட்டுத் தோல் டாக்டர் போன வருஷம் கொடுத்த கிரீமைப் போட்டு மூன்றாம் நாளே தோல் உரிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டாள். இது அப்படிச் செய்யாதாம்.

"ஆல்கஹால் கலக்காததா வாங்கோணும்ப்பா. அது கலந்திருந்தா மூஞ்சியக் காய வெச்சுடும்."

"விட்ச்சுன்னா சூனியக்காரிதானே? கூப்ட்டு ஊட்டுக்குள்ள விடறோம், பாத்துக்க" என்றேன். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. உடனே ஆர்டர் போட்டேன். அவள் பீரங்கி கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன்.

நன்றி: ஏதோ ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் வைத்து இறக்கிவிட்டு, அதே அடுப்பில் அவள் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தாள். முகத் தண்ணீர் கலக்கப் போகிறாளாம். நான் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கொண்டுவந்தேன், சீல் உடைக்காத பாட்டில். பேட்டரிக்கு ஊற்றுவதுதான். அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த ஊரில் கிடையாது.

பாதி விட்ச் ஹேசல், கால் பங்கு பன்னீர், கால் பங்கு டிஸ்டில்டு வாட்டர், நாலு சொட்டு கிளிசரின். நான் சும்மா இருக்க மாட்டாமல், "கத்தாழையையும் போடலாமல்லோ?" என்றேன். அது போட்டால் சீக்கிரம் கெட்டுவிடுமாம். எதுவாக இருந்தாலும் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரம்தானாம். அதற்கு மேல் கீழே கொட்ட வேண்டுமாம்.

கலக்கி முடித்ததும் முகத்தில் போடுவாள் என்று பார்த்தால், பஞ்சில் நனைத்து முழங்கைக்கு உள்பக்கம் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டுமாம். தோல் ஏற்றுக்கொண்டால்தான் முகத்துக்கு. ஒவ்வொரு தடவை புதிதாகக் கலக்கும்போதும் இப்படிப் பார்க்க வேண்டுமாம்.

"மொளகுதூளா போட்ட? பன்னீருதானே" என்று கேலி செய்தேன்.

"நீங்க பேட்டரிய டெஸ்ட் பண்ணாமக் குடுப்பீங்களா?"

மூன்று மாதத்தில் இவ்வளவு பேச்சு நாங்கள் பேசியதில்லை. பொங்கல் கொஞ்சம் அடிப் பிடித்துவிட்டது. பரவாயில்லை, நன்றாகவே இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

காலையும் மாலையும் முகம் கழுவி, பஞ்சில் தொட்டு ஒற்றுகிறாள். கிள்ளுவதை விட்டுவிட்டாள். எண்ணெய் வழிவது நின்றிருக்கிறது. மூக்கோரம் இருந்த சிவப்பு தணிந்திருக்கிறது. அந்தத் தண்ணீரால்தானா, அவள் தன் முகத்தைக் கொஞ்சம் நிம்மதியாக விட்டதாலா, எனக்குத் தெரியாது. குழி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இன்று துணி காயப் போட மொட்டை மாடிக்கு மாஸ்க் இல்லாமல் போனாள். பக்கத்து வீட்டு மாடியில் ஆள் இருந்தும் போனாள்.

நன்றி: அமெரிக்காக் குச்சிக்கு.

ஜனவரி 23, வியாழன்

சாயங்காலம் கடைக்கு வந்தாள். மாஸ்க் போட்டுத்தான். என் மேஜையில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை விரித்து இரண்டு மணி நேரம் எழுதினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எழுந்து போய்விடுவாளோ என்று பயம். ரிக் வண்டிக்காரர் ஒருவர் ஹார்ன் அடித்ததற்குக்கூட நானே வெளியே ஓடிப் போய் அவரை அடக்கினேன்.

கிளம்பும்போது சொன்னாள். "திங்கக்கெழமையிலிருந்து போறனுங்கப்பா."

நாளை தவமணி கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதலில் காய்ச்சலை இறக்க வேண்டும்.

ஜனவரி 25, சனி

பழைய விட்ச் ஹேசல் பாட்டில் தீர்ந்தது. ஓசூரில் ஒரு அம்மா சின்ன அளவில் விற்கிறார் என்று அவரிடம் இரண்டாவது பாட்டில் சொல்லியிருந்தேன். இன்று கடை விலாசத்துக்கே வந்துவிட்டது.

கடையில் இன்று மூச்சு விட நேரமில்லை. ஆந்திரா போக வேண்டிய ரிக் வண்டி, இரண்டு பேட்டரியும் படுத்துவிட்டன. டிரைவர் தலைமேல் நிற்கிறார். ஒவ்வொரு செல்லாக ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர் குமிழ். அமுக்கி விட்டால் செல்லில் இருக்கிற ஆசிட்டை உறிஞ்சும். ஆசிட்டின் பலத்துக்கு ஏற்ப உள்ளே இருக்கிற மிதவை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பீய்ச்சிவிட வேண்டியது. பன்னிரண்டு செல்லில் இரண்டு செத்திருந்தது. வேறு போட்டு அனுப்பினேன்.

அப்புறம்தான் பார்சலைப் பிரித்தேன். பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. போன பாட்டில் இவ்வளவு தெளிவாக இல்லை. ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி வாசனை பார்த்தேன், பிடிபடவில்லை. எந்தத் தண்ணீரையும் அளக்காமல் நம்புகிற ஆள் இல்லை நான். கையில் இருந்த ஹைட்ரோமீட்டரிலேயே உறிஞ்சிப் பார்த்தேன். மிதவை அசையக்கூட இல்லை. கீழேயே கிடந்தது. பழைய பாட்டில் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சத்தைத் தனியாக அளக்க முடியாது என்பதால் ஒப்பிட வழியில்லை. சரி, போகட்டும் என்று திரும்பப் பீய்ச்சிவிட்டேன்.

அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கடையிலேயே கலக்கியும் விட்டேன். பன்னீர், டிஸ்டில்டு வாட்டர், கிளிசரின், எல்லாம் அவள் சொன்ன அளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும், "நீங்களேவா கலந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, முகத்துக்குப் போடாமல் வழக்கப்படி கையில் பிளாஸ்திரி ஒட்டினாள். நான் மறுபடி கேலி செய்தேன்.

நன்றி: எல்லாவற்றுக்கும். திங்கட்கிழமைக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பிளாஸ்திரியைப் பிரித்தாள். பஞ்சு இருந்த இடம் ரூபாய்க் காசு அளவுக்குச் செக்கச் செவேல் என்று, மேல்தோல் பஞ்சோடு வந்துவிட்டது. இரவே எரிந்ததாம். பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டாளாம்.

குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. "பரவால்லீங்கப்பா" என்றாள். மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜனவரி 27, திங்கள்

போகவில்லை.

சிலிண்டர் வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தார்கள். அவளுக்குத் தோல் கொஞ்சம் மென்மை, அம்மாவைப் போல. ஏதாவது பூச்சி கடித்துக்கூட இருக்கலாம். மாட்டுப்பொங்கலுக்கு வாங்கிய கரும்பு இன்னும் மூலையில் நிற்கிறது, யாரும் தொடவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

கடையில் ஹைட்ரோமீட்டரைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 30, வியாழன்

எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டப் போனாள். நான் போய்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். திருப்பி அனுப்பலாம் என்றேன்.

"அதுல ஒண்ணுமில்லீங்கப்பா. என்ற தோலுதான். தண்ணியக்கூட ஏத்துக்காத தோலு. போன வாரம் ஏதோ அதிர்ஷ்டம், அவ்ளோதான்."

"இல்ல சாமி, அந்தப் பாட்டிலு டூப்ளிகேட்டா இருக்கும். ஓசூர்க்காரம்மா என்னத்தக் கலந்தாங்களோ" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் போனை எடுத்து, கையைப் படம் பிடித்து, அந்த அம்மா விற்கிற ஆன்லைன் பக்கத்தில் போட்டுவிட்டாள். யாரும் வாங்காதீர்கள் என்று எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரெக்கார்டு நோட்டு என் மேஜையில்தான் கிடக்கிறது. பிராக்டிகலுக்குப் பதினோரு நாள்.

பிப்ரவரி 1, சனி

ஓசூர் அம்மா போன் செய்தார். பெயர் ரெபெக்கா. திட்டுவார் என்று நினைத்து எடுத்தேன்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார். முகத்தில் படவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார், அந்தத் தடவை வந்த சரக்கை நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறாராம். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "என் பொண்ணுக்கும் இதைத்தான் போடறேன் சார். எங்க தப்புன்னே தெரியல. உங்ககிட்ட மிச்சம் இருந்தா கொஞ்சம் அனுப்புங்க, டெஸ்ட்டுக்குக் குடுக்கறேன்" என்றார்.

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

கடையில் ஆசிட் சிந்தினால் தூவுவதற்கு ஒரு டப்பா சமையல் சோடா எப்போதும் இருக்கும். ஆசிட் மேல் பட்டால் நுரைத்துப் பொங்கும். ஹைட்ரோமீட்டர் விடுவதற்கு முன்னாலேயே ஓசூர்ப் பாட்டிலிலிருந்து கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி வாசனை பார்த்திருந்தேன். அது அப்படியே இருந்தது. அதில் கொஞ்சத்தை ஒரு மூடியில் ஊற்றி ஒரு சிட்டிகை சோடா போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நான் கலக்கியதிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு சிட்டிகை போட்டேன்.

பொங்கியது.

எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். இங்கே எழுதாமல் இருந்தால் நடக்காதது ஆகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. குமிழுக்குள் ஆசிட் நாலு சொட்டாவது எப்போதும் தங்கும். இருபத்தாறு வருஷமாகப் பேட்டரி வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதா? வருகிறவர்களுக்கு எல்லாம் நான்தான் சொல்வேன், ஆசிட் பட்ட கையோடு கண்ணைத் தொடாதே என்று. என் மகள் முகத்துக்குப் போகிற தண்ணீரை அதில் உறிஞ்சி அளந்திருக்கிறேன்.

சொல்ல வேண்டும். சொன்னால் இனி என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா?

பிப்ரவரி 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சமையலறையில் உட்கார்ந்து பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கிண்ணம் வைத்தேன். ஒன்றில் அந்தச் சின்ன டப்பாத் தண்ணீர், ஒன்றில் நான் கலக்கியது. சோடாவைப் போட்டேன். ஒன்று சும்மா இருந்தது. ஒன்று பொங்கியது.

மொச்சையைக் கீழே வைத்தாள். கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை, சொல்லித் தர வேண்டியதில்லை.

"இது ஆசிட்டு."

"ஆமா சாமி."

"இதுக்குள்ள எப்படிங்கப்பா?"

ஹைட்ரோமீட்டரை மேஜைமேல் வைத்தேன். வண்டி வந்தது, பாட்டில் வந்தது, சந்தேகப்பட்டது, உறிஞ்சியது, பீய்ச்சியது, எல்லாம் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பன்காரன் மகள் முன்னால் அப்படி அழக் கூடாது. அழுதேன்.

அவள் கையைத் திருப்பி அந்தப் புண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப என்ற தோலு நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குது சாமி. ஆசிட்டு பட்டா எந்தத் தோலும் அப்படித்தான். எருமைத் தோலுகூட."

அவள் முகம் ஒரு நிமிஷம் தெளிந்ததைப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே மாறியது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "திங்கக்கெழமையே" என்றேன்.

"ஒரு வாரம். ஒரு வாரமா என்னைய நானே திட்டிட்டு இருந்தேன். பாத்துட்டே இருந்தீங்க. அந்தம்மா மேல பழியத் தூக்கிப் போட்டீங்க. நானும் கண்டமேனிக்கு எழுதுனேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதி மொச்சையை நான் உரித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, ரெபெக்கா அம்மாவைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டு, தப்பு எங்கள் வீட்டில் என்று எழுதியது. பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். நான் ஓசூருக்குப் பேசினேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "முகத்துல படலையே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நாற்பது பேரையும் மறுபடி கூப்பிட வேண்டுமே என்று மட்டும் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷிகள் இந்த ஊரில் மட்டும் இல்லை.

கையோடு தவமணிக்கும் போட்டேன். காய்ச்சலில் ஆரம்பித்து ஆசிட் வரைக்கும் சொன்னேன். கத்தவில்லை. "எவ்ளோ நேரம் தண்ணியில கழுவுனா? கொப்புளம் இருக்கா? சீழ் இருக்கா?" என்றாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், "ஏனுங்க, நானிங்க யாரோ பெத்த பிள்ளைகளுக்குக் கட்டுப் போடறேன். எம் பிள்ள மொகத்த மூடிட்டு ஒரு மாசமா ஊட்டுல கெடந்திருக்குது. எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலயா?" என்று கேட்டாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

தோன்றியது. நீ அங்கே தனியாகக் கிடந்து அழுவாய் என்றுதான் சொல்லவில்லை. அதைச் சொன்னேன். "அழுவறதுக்குக்கூட எனக்கு உரிமை இல்லியா?" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

ஈரோட்டுக்கு பஸ்ஸில் போனோம், அதே தோல் டாக்டர். இவளே கிளம்பச் சொன்னாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, ஆறிவிடும், தழும்பு கொஞ்ச நாள் இருக்கும் என்றார். விட்ச் ஹேசல் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். "போட்டுக்கலாம்மா. எண்ணெய்ப் பசையைக் குறைக்கும், அவ்வளவுதான். அது மாயம் பண்ணாது. கிரீமும் வேணும். மொதல்ல உரியும், அதைத் தாங்கணும், மூணு மாசம் பொறுக்கணும். குழிக்கு அப்புறம் பாக்கலாம்" என்று பொறுமையாகச் சொன்னார். போன வருஷமும் இதையேதான் சொன்னாராம். அப்போது நாங்கள் இருவருமே காதில் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் தாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள உங்களுக்கும் இருக்குதல்லோ?"

"என்னது?"

"குழி."

இருக்கிறது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கேயும் எழுத மாட்டேன். அந்த வருஷம் விட்ட தாடிதான். கல்யாணப் படத்தில் தவமணி முகம் முழுக்கத் தெரியும், எனக்கு மூக்கும் கண்ணும்தான் தெரியும். "இருக்குது சாமி. எங்கிட்டிருந்துதான் உனக்கு வந்திருக்குது" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள். பள்ளிபாளையம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நன்றி: ஜன்னலோர சீட்டு கிடைத்ததற்கு. நான் எழுத நினைத்தது அது இல்லை. இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ரெபெக்கா அம்மா புதுப் பாட்டில் ஒன்று அனுப்பியிருந்தார், நாங்கள் கேட்காமலே. சிந்துஜா வீட்டில் கலக்கினாள். என்னைச் சமையலறை வாசலைத் தாண்ட விடவில்லை. கடைக்கு வந்து ஹைட்ரோமீட்டர்மேல் 'பேட்டரிக்கு மட்டும்' என்று மார்க்கரில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். வருகிற டிரைவர்கள் எல்லாம் படித்துவிட்டு, வேறெதுக்கு அண்ணா என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கை சோதனை முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. முகத்துக்குப் போட்டுக்கொண்டாள்.

நாளைக்குப் போவாளா என்று நான் கேட்கவில்லை. யூனிபார்மைத் தேய்க்கப் போட்டிருந்தாள். அதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை எட்டரைக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மாஸ்க் போட்டிருந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே போகும் வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. ஹெச்.எம். பேசினார். "சிந்துஜா அப்பாங்களா? உடனே வாங்க. உங்க பொண்ணு கையில ஆசிட் பட்ட காயம் இருக்கு. யாரு பண்ணதுன்னு கேட்டா, நீங்கதான்னு சொல்றா."

கடையைப் பூட்டினேனா இல்லையா என்பதே நினைவில்லை. போய்ச் சேரும் வரை இரண்டு தடவை வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

ஹெச்.எம். அறையில் வெளிப்பள்ளியிலிருந்து பிராக்டிகல் நடத்த வந்த மேடம் இருந்தார். இன்னும் இரண்டு டீச்சர்கள். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி ஜெயிலுக்குப் போய்விட்டேன். "சொல்லுங்க, என்ன நடந்தது?" என்றார் ஹெச்.எம்.

ஒரு வாரம் என் மகளிடம் சொல்ல வாய் வராததை, நாலு டீச்சர்கள் முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். ரிக் வண்டி, பாட்டில், சந்தேகம், உறிஞ்சியது, பீய்ச்சியது. விட்ச் ஹேசல் என்றால் என்ன என்றும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வெளிப்பள்ளி மேடம்தான் கேட்டார். "மூஞ்சிக்குப் போடற தண்ணிய ஹைட்ரோமீட்டர்ல எதுக்குங்க அளந்தீங்க?"

"பழக்கமுங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

அவர் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. "நான் கேட்ட கேள்விக்கு அவ சரியாத்தான் சார் பதில் சொன்னா. நாங்கதான் பயந்துட்டோம்" என்றார். நடந்தது இதுதான். ஆய்வகத்தில் ஒரு கரைசலை அளக்கக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு உறிஞ்ச முடியாது. சிந்துஜா கொஞ்ச நேரம் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள். பிறகு மாஸ்க்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருக்கிறாள். அப்போது தழும்பு தெரிந்திருக்கிறது.

வாசலில் சத்தம். திரும்பிப் பார்த்தேன். சிந்துஜா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி வகுப்பு. எதிர் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பரு, குழி, கிரீம் போட்டு உரிந்த தோல், எல்லாம் தெரிந்தது.

"வேணும்னு பண்ணல மேடம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "ஹைட்ரோமீட்டரக் கழுவாம உட்டுட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா எதையும் கழுவ மாட்டாரு. டீ டம்ளரக்கூட நாந்தான் கழுவோணும்." பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். முகத்தை மறைக்கக் கை தாடைக்குப் போகவில்லை.

"நீங்க போங்கப்பா. எனக்கு இன்னொரு ரீடிங் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

கடைக்குத் திரும்பி இதை எழுதுகிறேன். கடை திறந்தே கிடந்தது, ஒன்றும் போகவில்லை. தவமணிக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லப் போகிறேன்.

இன்றைய நன்றி: என் மகள் முகத்தை மூடாமல் நின்று, இருபது பேர் முன்னால், என்னைப் பற்றிப் புகார் சொன்னாள்.